நாலாவது இலை

ஐப்பசி 14, ஞாயித்துக்கிழமை.

கொழுந்தனும் அவன் பெஞ்சாதி செல்லம்மாவும் வண்டி கட்டி என்னைக் குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. கருமாதிக்கு என்னைச் சம்மதிக்க வைக்கத்தான். போன வருசம் மாட்டைத் தேடி மலைக்குப் போன எங்க வீட்டுக்காரவுக திரும்பல. மாடு மட்டும் வந்துட்டு.

மலையடியில குளத்தங்கரையில உக்காந்தோம். கைப்பழக்கத்துல நாலு இலை போட்டு, நாலுலயும் புளிச்சோறு வச்சிட்டேன். மூணு பேரும் சாப்பிட்டு, கைகழுவக் குளத்துல இறங்கினோம். திரும்பி வந்தா நாலாவது இலையில சோறு இல்ல. இலை மடங்கிக் கிடந்தது.

“கொரங்கு தின்னுருக்கும் மதினி”ன்னான் கொழுந்தன்.

“இலையை மடக்கி வைக்குத கொரங்கை எங்கன கண்டிய?”ன்னு செல்லம்மா அவனைக் கேட்டா.

சாவு வீட்டுச் சாப்பாடுன்னா இலையை எதிர்ப்பக்கமா மடக்குவோம். இது தன் பக்கமா, கல்யாண வீட்டுல மடக்குத மாதிரி மடங்கியிருந்தது.

வரும்போது மலையைத் திரும்பிப் பாக்க எனக்குத் தைரியம் வரல.

காலையில கருமாதிக்கு நாள் குறிக்கக் கொழுந்தன் வருவான். வேண்டாம்னு சொல்லிருவேன். ஆனா இப்ப கதவைத் தாழ்ப்பாள் போடணுமா, திறந்து வைக்கணுமான்னுதான் தெரியல.