ஒன்பது கட்டம் போட்ட வயிறு

முதலியார்பேட்டை,
புதுச்சேரி.
1960, பங்குனி 14

பிலாய் உருக்காலையில் வேலை பார்க்கும் என் மகன் கலியமூர்த்திக்கு, அம்மா செல்வாம்பாள் மனம் குளிர்ந்து எழுதுவது. நீயும் மருமகளும் சின்னப் பிள்ளைகளும் அந்த ஊர் வெயிலில் வாடாமல் இருக்க வேண்டும். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. வேப்பமரம் பூத்து வாசல் முழுக்கக் கொட்டுகிறது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் மகள் அஞ்சலாட்சி பாஸ். நர்சுப் படிப்பில் போன தடவை தவறிய அதே உடற்கூறு பரீட்சையில் பாஸ். நேற்று ஆஸ்பத்திரிப் பலகையில் ஒட்டினார்கள். பிரெஞ்சுக்காரன் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரைக்கும் படித்தவள் அல்லவா நான், விரலை வைத்து எழுத்துக் கூட்டி நானே படித்தேன். பெயர் முதல் எழுத்தில் ஆரம்பிப்பதால்தான் உச்சியில் இருக்கிறது என்று நினைத்தேன். இல்லை ஆயா, இது மார்க் வரிசை என்றாள் கூட இருந்த பெண். பலகைக்கு முன்னாலேயே நெட்டி முறித்துத் திருஷ்டி கழித்துவிட்டேன். காவல்காரன் முறைத்தான். முறைக்கட்டும்.

ஆவணியில் அவள் தேறாதபோது நீ எழுதிய கடிதம் பெட்டியில் இருக்கிறது. இன்னொரு தடவை போனால் படிப்பு போதும், ரெட்டியார்பாளையம் கோவிந்தராசுவுக்கு வைகாசியில் முடித்துவிடலாம், அன்னிய ஆம்பிளை வயிற்றில் கை வைக்கிற வேலை நம் வீட்டுப் பெண்ணுக்கு வேண்டாம் என்று எழுதியிருந்தாய். உள்ளதைச் சொல்கிறேன், அப்போது நானும் உன் பக்கம்தான். புத்தகம் முழுக்க அவளுக்கு மனப்பாடம். ஆனால் ஒரு நோயாளியைப் படுக்க வைத்து, கல்லீரல் எங்கே, தொட்டுக் காட்டு என்றதும் தூக்கிய கை இறங்கவில்லையாம். வெட்கம். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு அப்படியே நின்றிருக்கிறாள். இது இவளுக்கு ஆகாது என்று நானும்தான் நினைத்தேன்.

அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. காலையில் எழுந்து, ஆயா உன் வயித்தக் குடு என்றாள். என்னடி இது, இரவல் முறம் கேக்கற மாதிரி கேக்கறியே என்றேன். ஆனாலும் பாயைப் போட்டுப் படுத்தேன்.

சலவை நீலத்தைக் கரைத்து, விளக்குமாற்றுக் குச்சியால் என் வயிற்றில் நெட்டுக்கு இரண்டு கோடு, குறுக்கே இரண்டு கோடு போட்டாள். பாண்டியாட்டம் மாதிரி ஒன்பது கட்டம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், உள்ளே ஒரு குடித்தனம். வலது கை மேல் கட்டத்தில் விலாவுக்கு அடியில் கல்லீரல். இடது மேலே சோறு போகிற இரைப்பை, அதற்கும் பின்னால் ஒதுங்கி மண்ணீரல். நடுவே சிறுகுடல். அதைச் சுற்றி வாசல் நிலை மாதிரி பெருங்குடல், வலப்பக்கம் ஏறி, குறுக்கே போய், இடப்பக்கம் இறங்குகிறது. இதற்கெல்லாம் மேலே கூடாரத் துணி போல ஒரு தசைக் கூரை. கூரைக்கு மேலே நெஞ்சறை, கீழே வயிற்றறை. கீழே மட்டும் சுவர் இல்லை, நேராக இடுப்பெலும்புக் கிண்ணத்தில் போய் இறங்குகிறது.

இருபது அடி குடலாம் கலியமூர்த்தி! எப்படியடி சிக்காமல் கிடக்கிறது என்று கேட்டேன். என் புடவைக் கொசுவத்தைப் பிடித்துக் காட்டினாள். சொருகுகிற இடம் ஒரு சாண்கூட இல்லை, விரிகிற இடம் எவ்வளவு பார் என்றாள். குடலையும் அப்படித்தான் ஒரு மெல்லிய சவ்வு கொசுவம் வைத்து முதுகுப்புறம் பிடித்துக்கொண்டிருக்கிறதாம். சிறுநீரகம் இரண்டும் அந்தச் சவ்வுக்குப் பின்னால், முதுகோடு ஒட்டித் தனியாக இருக்கிறதாம். ஒரே வீடு, ஆனால் பின்கட்டு.

இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதே. உன்னைப் பத்து மாதம் வயிற்றில் சுமந்தேன் என்று சண்டை வரும்போதெல்லாம் சொல்வேனே, நீ இருந்தது சோறு விழுகிற பையில் இல்லையாம். அந்த இடுப்பெலும்புக் கிண்ணத்துக்குள் உனக்கென்று தனிப் பை. நான் தின்ற மாங்காய் உன் தலையில் விழுந்திருக்குமே என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீலம் இரண்டு நாள் போகவில்லை. பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு கிணற்றடியில் பார்த்துவிட்டு, எந்தக் கோயிலுக்கு வேண்டுதல் பெரிம்மா என்றாள். விஷயம் தெரிந்ததும் அவளும் வந்து படுத்தாள். எம் பெருத்த வயித்துல கண்டுபுடிச்சிட்டா நீ டாக்டரே ஆயிடலாம்டி என்று கேலி வேறு. மில் சங்கு ஊதி ஆண்கள் வேலைக்குப் போனதும் தெருப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வருவார்கள். பேத்தியின் தூக்கிய கை மெல்ல மெல்ல இறங்கப் பழகியது.

தொல்லை என் வயிற்றில்தான். எனக்குக் கிச்சுக்கிச்சு தாங்காதென்று உனக்குத் தெரியும். அவள் விரல் பட்டதும் உருண்டு சிரிப்பேன். வயிறு பறை மாதிரி இறுகிவிடும், உள்ளே ஒன்றும் தட்டுப்படாது. ஒரு நாள் தாங்க மாட்டாமல் அவள் கையைத் தள்ளப் போனேன், என் கை அடியிலும் அவள் கை மேலேயுமாக மாட்டிக்கொண்டது. சிரிப்பு பட்டென்று நின்றுபோனது. ஆயா அசையாத, அப்டியே இரு என்றாள். என் கையோடு சேர்த்து மெதுவாக அழுத்தினாள். வயிறு இளகிக் கொடுத்தது. அவளுக்கு வந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

பரீட்சையன்று நான் ஆஸ்பத்திரி மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். கையில் ஜெபமாலை வைத்திருந்த ஒரு கிறிஸ்தவ அம்மாவிடம், எம் பேத்திக்கும் சேத்து வேண்டிக்கம்மா என்று சொல்லி வைத்தேன். அவளும் தலையாட்டினாள். மதியம் வெளியே ஒரு ஆள் நொண்டிக்கொண்டு வந்தார். வைத்திக்குப்பத்துச் செம்படவர், பெயர் அம்மாவாசை. திருக்கை முள் காலில் குத்தி வைத்தியத்துக்கு வந்தவரை, வயிறு நன்றாக இருக்கிறது என்று பரீட்சைக்குப் படுக்க வைத்துவிட்டார்களாம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

நாலு பொண்ணுங்க தொட்டுச்சுங்க ஆயா, நான் சிரிச்ச சிரிப்புல கட்டில வுட்டே வுழுந்துட்டேன். அதுல ஒரு பொண்ணு அழுதுடுச்சு. பரீட்ச வைக்கற டாக்டரு, அந்தக் கெழட்டு முசே, கண்ணாடியக் கழட்டி என்ன மொறைக்கறாரு, நான் என்னா பண்றது? அஞ்சாவதா ஒன்னு வந்துச்சு. மொழங்கால மடிச்சிக்கோங்க அப்பான்னு சொல்லிச்சு. எங் கைய எடுத்து என் வயித்து மேலயே வச்சி, அதும் மேல தன் கைய வச்சிது. எங் கையி எனக்கே கிச்சுக்கிச்சு மூட்டுமா? பொட்டிப் பாம்பா அடங்கிட்டேன். இங்க ஈரல், இங்க குடல்வால், இங்க இரைப்பைன்னு மடமடன்னு சொல்லிடுச்சு என்றார்.

இந்த வித்தையை எங்கே படித்தாய் என்று முசே கேட்டாராம். எங்க ஆயா வயித்துல என்றாளாம். அவர் சிரித்துவிட்டு த்ரே பியேன் என்றாராம். அது மிக நன்று என்பதுதான், உனக்குத் தெரியும்.

தம்பி, அவள் அந்த மனிதரை அப்பா என்று கூப்பிட்டிருக்கிறாள். அந்த வார்த்தை வாயில் வந்ததும் வெட்கம் போய்விட்டது ஆயா என்றாள். நீ அன்னிய ஆம்பிளை என்று எழுதினாயே, அந்த இடத்தில் இதை வைத்துப் பார்.

கோவிந்தராசுவின் தாயார் போன வாரம் பூவோடு வந்தாள். பூவை வாங்கிச் சாமிக்குப் போட்டுவிட்டு, என் பிள்ளை எழுதட்டும் என்று அனுப்பிவிட்டேன். நல்ல குடும்பம்தான், குறை சொல்லவில்லை. படிப்பு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது, அதன் பிறகு பேசலாம் என்று நீயே அவர்களுக்கு இரண்டு வரி எழுதிவிடு. நான் சொன்னால் கிழவி பேச்சு, நீ சொன்னால் தகப்பன் பேச்சு.

எனக்கு எழுதும் கடிதத்தின் அடியில், அஞ்சலைக்கு என் ஆசி என்று ஒரு வரி போடுவாய். ஆவணியிலிருந்து அது இல்லை. அவள் ஒன்றும் கேட்பதில்லை. தபால் வந்தால் என்னிடம் தருவதற்கு முன் அடிப்பக்கத்தை மட்டும் ஒரு தடவை பார்ப்பாள், மடித்துக் கொடுத்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விடுவாள். இந்தத் தடவை எனக்கு எதுவும் எழுத வேண்டாம் தம்பி. கடிதத்தை அவள் பெயருக்கே போடு.

மயிலம் முருகன் உங்கள் எல்லாரையும் காக்கட்டும்.

உன்னைப் பெற்றவள்,
செல்வாம்பாள்