மாமா சொன்ன கடைசி வார்த்தை

பியூலா,

மாமாவின் கல்லறைக் கல்லில் அவருடைய கடைசி வார்த்தையை வெட்டக் கொடுத்துவிடாதே. போனில் காரணம் சொல்ல எனக்கு நா எழவில்லை.

தூத்துக்குடியில் நான் பார்க்கும் மனநல டாக்டரம்மா இரண்டு விரலை இடமும் வலமுமாக அசைப்பார். வெள்ளத்தை நினைத்தபடியே என் கண் அந்த விரலின் பின்னால் போகவேண்டும்; பயம் தணிய அதுதான் வைத்தியமாம். ஐந்து வாரமாகியும், தண்ணீர்ச் சத்தம் கேட்டால் வரும் நடுக்கம் குறையவில்லை. இன்று அவர் விரலை நிறுத்திவிட்டு, "எங்கிட்ட சொல்லுததும் உங்க கண்ணு முன்னால தெரியுததும் ஒண்ணுதானா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

ஆத்தூரில் தண்ணீர் கழுத்துக்கு ஏறியபோது என் இடது தோளில் நம் பிளெஸ்ஸி இருந்தாள். வலது கையில் உன் அப்பாவைப் பிடித்திருந்தேன். பிள்ளை நழுவினாள். அவளைப் பிடிக்க எனக்கு அந்தக் கையும் வேண்டியிருந்தது. "பிள்ளையப் பாருங்க" என்று மாமா சொன்னதாக உங்கள் எல்லாரிடமும் அழுதேனே, அவர் அப்படிச் சொல்லவில்லை.

"மாப்ள, விட்டுராதிய" என்றார்.

நான்தான் விட்டேன்.

இதை உன்னிடம் சொல்வதற்கு முன்னால் ஓர் அந்நியரிடம் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நாசரேத்துக்கு வருகிறேன். பிளெஸ்ஸியை அத்தையிடம் விட்டுவிட்டு நீ மட்டும் வெளியே வா. எதைக் கேட்டாலும் மறைக்க மாட்டேன்.

உன் வீட்டுக்காரன்