கழுவிய கிருமி

நாள் 1, காலை 7:10
கடலடி ஆய்வுநிலையம். நான் செண்பகவல்லி, நுண்ணுயிர் ஆய்வாளர். கையுறை கிழிந்து ஊசி குத்திவிட்டது. ஊசியில் இருந்தது கடற்சேற்றிலிருந்து எடுத்த புதிய கிருமி. விதிப்படி என்னை ஆய்வறையிலேயே அடைத்துவிட்டார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் பராமரிப்புப் பொறுப்பாளர் ஜெரோனும் இன்னும் மூன்று பேரும் இருக்கிறார்கள். கதவில் கண்ணாடி கிடையாது. பேசுவதற்கு இண்டர்காம் உண்டு.

பயப்பட ஒன்றுமில்லை. என்னிடம் பெப்டைடு இருக்கிறது. கிருமியின் சவ்வைத் துளைத்துக் கொல்லும் குட்டிப் புரதம். சோதனைத் தட்டில் ஒரு கிருமிகூடத் தப்பவில்லை.

நாள் 3, மதியம் 1:30
பெப்டைடு ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. இப்போது இருமல் வேறு. சளியைச் சுவரில் இருபக்கமும் திறக்கும் மாதிரிப் பெட்டி வழியாக அனுப்பிவிட்டேன். என் செய்முறைப்படி ஜெரோன் சோதிப்பான். பெப்டைடுக்குக் கிருமி செத்தால் கதவைத் திறந்து என்னைக் கரைக்குக் கொண்டுபோவார்கள்.

தட்டில் செத்த சனியன் என் நெஞ்சில் மட்டும் எப்படிப் பிழைக்கிறது? ஆத்திரத்தில் கிருமிநாசினியைக் கண்டபடி அடித்ததில் இண்டர்காம் மைக் நனைந்து செத்துவிட்டது. ஜெரோன் பேசுவது எனக்குக் கேட்கும். நான் பேசுவது அவனுக்குக் கேட்காது.

நாள் 4, காலை 9:00
கழுவாத சளியை நுண்ணோக்கியில் பார்த்தேன். ஒவ்வொரு கிருமியும் கொழகொழத்த சர்க்கரைப் போர்வைக்குள் சுகமாக இருக்கிறது. போர்வைக்கு எதிர்மின்னூட்டம், பெப்டைடுக்கு நேர்மின்னூட்டம். பெப்டைடு போர்வையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. சவ்வை அது தொடுவதே இல்லை.

சோதனைக்கு முன் கிருமியைச் சுழற்றி மூன்று முறை கழுவுவது எங்கள் தொழிலில் பல் தேய்ப்பது மாதிரி. யாரும் யோசிப்பதில்லை. அப்படிக் கழுவியதில் இதன் போர்வை உரிந்துவிட்டது. நான் கொன்றதெல்லாம் அம்மணக் கிருமிகளை.

ஜெரோனின் கையில் இருப்பதும் அதே செய்முறைதான்.

நாள் 4, காலை 11:20
"டாக்டரம்மா, கேக்குதா? நீங்க எழுதிக் குடுத்த மாதிரியே மூணு தடவ கழுவித்தான் பாத்தேன். எல்லாம் செத்துட்டு. கதவத் தொறக்கப் போறோம்."

சீட்டு எழுதி மாதிரிப் பெட்டியில் வைத்தேன். அவன் பெட்டியைத் திறந்தால்தானே. கதவை ஓங்கித் தட்டினேன்.

"சந்தோசத்துல தட்டுதியளோ? இந்தா வாரோம்."

எனக்கும் வெளியே போக ஆசைதான். உயிர்மேல் அவ்வளவு ஆசை. ஆனால் என் ஒவ்வொரு இருமலிலும் அது வெளியே வருகிறது. அவர்கள் நான்கு பேரிடமும் அதற்கு மருந்தில்லை.

உள்தாழைப் போட்டேன். பிடியை உடைத்துவிட்டேன்.

நாள் 4, காலை 11:50
"கதவு சிக்கிட்டு டாக்டரம்மா. பயப்படாதிய. கட்டர் எடுத்துட்டு வந்துட்டேன்."

இரும்பு அறுபடுகிறது. அறைக்குள் தண்ணீர் ஏறினால் வெளியே சிவப்பு விளக்கு எரியும். அதைப் பார்த்தால், கடல் தங்கள் பக்கமும் பாயும் என்று அறுப்பதை நிறுத்துவான். கடல்நீரை அறைக்குள் விடும் வால்வைத் திறந்துவிட்டேன்.

12:04
இடுப்புவரை. ஐஸ் மாதிரி குளிர். நான் குறிப்பு எழுதும் இந்தக் கருவி நனைந்தாலும் கெடாது.

கட்டர் நின்றுவிட்டது.

12:09
"உள்ள தண்ணி ஏறுதே டாக்டரம்மா. ஒரு வார்த்த பேசுங்க. தாயே, ஒரே ஒரு வார்த்த."

பேசிக்கொண்டுதான் இருக்கிறேன் ஜெரோன். கத்திக்கொண்டிருக்கிறேன். திறக்காதே திறக்காதே திற