நீ இறக்கி வைத்த ஆரஞ்சு

அன்புள்ள அக்காவுக்கு ('அன்புள்ள' என்பது வெறும் பழக்கதோஷம்),

நான் இங்கே நலமாக இல்லை என்பது எனக்கு முன்னாலேயே உனக்குத் தெரியும். அதனால் நலம் விசாரிக்கும் வேலை மிச்சம். நீ போனில் கூப்பிட்டால் எடுக்க மாட்டேன், அழுதே ஜெயித்துவிடுவாய். இதைப் போட்டோ எடுத்து அனுப்பப்போவது அப்பாதான். படித்துவிட்டுத்தான் அனுப்புவார். அப்பா, வணக்கம்.

போன மாதம் என் முழங்கால் ஸ்கேன்களை உனக்கு அனுப்பினார்களே. எலும்புக்கு ஒன்று, சதைக்கு ஒன்று, உள்ளே எது தப்பாக வளர்கிறது என்று பார்க்க ஒன்று. எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி ஒரே படமாக்குவதுதானே உன் உத்தியோகம்? வீடியோ காலில் எனக்கும் காட்டினாய். சாம்பல் நிற எலும்பு. "பாருடா, கல்லு மாதிரி இருக்கு. கொஞ்ச நாள் ஓடாம இரு, சரியாயிடும்" என்றாய். நான் அதை அச்செடுத்து, மீசை வரைந்து, 'வருங்கால ஒலிம்பிக் கால்' என்று எழுதிக் குளியலறைக் கதவில் ஒட்டினேன். அம்மா சிரிக்கவில்லை. என் ஜோக்கின் தரம்தான் இறங்கிவிட்டதோ என்று நினைத்தேன்.

நேற்று டாக்டர் அதே படத்தைத் திறந்தார். ஓரத்தில் ஒரு கோடு, அதில் ஒரு பொத்தான். அதை மேலே தள்ளத் தள்ள, என் கல் எலும்புக்குள் ஆரஞ்சு நிறம் தீ மாதிரி ஏறியது. கட்டியாம். "அக்கா காட்டியிருப்பாங்களே தம்பி" என்றார். அப்பா அணைந்து கிடந்த செல்போனில் ஏதோ படித்தார். அம்மா என் செருப்பையே பார்த்தாள்.

அந்தப் பொத்தானை அடிவரை இறக்கிவிட்டுத்தான் நீ என்னைக் கூப்பிட்டிருக்கிறாய். மூன்று பேரும் சேர்ந்து படம் காட்டியிருக்கிறீர்கள். பார்த்த ஒரே ரசிகன் நான்.

அப்பாவின் அலாரத்தில் அவர் குரட்டையையே பதிந்து வைத்தவன் நான். ஆனால் சாயங்காலத்துக்குள் உண்மையைச் சொல்லிவிடுவேன். நீ சொல்லவே இல்லை, அக்கா.

வியாழக்கிழமை ஆபரேஷன். என் காலை முடிந்தவரை காப்பாற்றுவார்களாம். அந்த 'முடிந்தவரை' எந்த இடம் வரை என்று யாரும் சொல்லவில்லை.

உன்னோடு டூ. இருந்தாலும் புதன்கிழமைக்குள் வந்துவிடு. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வா. கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பொத்தானை நீயே மேலே கடைசி வரை தள்ளிக் காட்டு. மீசை வரைய மாட்டேன்.

இப்படிக்கு,
இந்த நிமிடம் வரை இரண்டு காலில் நிற்கும்
உன் தம்பி