ரோல்ஸ் விற்று வாங்க முடியாத ஏணி

12 நவம்பர், புதன்

நாளை வகுப்பில் விவாதம். வரி இல்லாமலும் ஒரு சமூகம் இயங்கும் என்று என் வகுப்புத் தோழி லேனாவும் நானும் பேச வேண்டும். சீட்டுப் போட்டதில் எங்களுக்கு விழுந்த பக்கம் அது. என்னிடம் இருந்த ஒரே நல்ல சான்று அம்மா.

அம்மா வேலை செய்வது பேக்கரியில். ஆனால் ஊரின் தொண்டர் தீயணைப்புப் படையிலும் இருக்கிறார். அதற்குச் சம்பளம் கிடையாது. இன்று பின்னேரம் சோற்றைப் பிசையும்போது அவருடைய அழைப்புக் கருவி அலறியது. அப்படியே எழுந்து ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். அடுத்த தெருவில் ஒரு சமையலறை எரிந்தது. மேல்மாடி யன்னலில் ஒரு கிழவர் நின்றார். ஏணி வண்டியில் ஏறி அவரை இறக்கியது என் அம்மா.

வீடு திரும்பி, ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டார்.

"அம்மா, சம்பளம் இல்லாமல்தானே போறீங்கள்? அப்ப வரி தேவையில்லை எண்டு நாளைக்குச் சொல்லட்டோ?"

"சொல்லு, சொல்லு! படைக்குக் காசு சேர்க்க எண்டு கோடை விழாவிலை நாள் முழுக்க ரோல்ஸ் பொரிச்சு வித்தனாங்களே, அந்தக் காசுக்கு என்ன வந்தது? ஒரு கோப்பி மெசின். ஏணி வண்டி வரிக்காசிலை வந்தது, பிள்ளை."

அம்மா சொன்னதை லேனாவுக்கு எழுதினேன். "துரோகி" என்று எழுதி அனுப்பினாள்.

ஆனாலும் நாளை அம்மாவைப் பற்றித்தான் பேசுவேன். ஏணியையும் மறைக்க மாட்டேன். தோற்போம். ஆனால் அந்த ஏணியில் ஏறும்படி அம்மாவை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அதையும் சொல்வேன்.

கதவருகே அம்மாவின் சப்பாத்துகள் காய்கின்றன. இங்கேவரை புகை மணக்கிறது.