களத்தில் இறங்கிய ட்ரோன்

வெள்ளிக்கிழமை, ஜவ்வாது மலை

ட்ரோன் ஓட்ட உரிமம் வாங்கியபின் கிடைத்த முதல் வேலை. குப்பம்மா அக்காவின் நெல்லுக்கு மருந்து தெளிக்க வேண்டும். பறக்க அனுமதியுள்ள இடம்தானா என்று அரசு வரைபடத்தில் இரண்டு முறை பார்த்துக்கொண்டேன். பச்சை நிறம்தான். அந்தச் சரிவில் சமதளம் என்றால் அவருடைய களம் மட்டும்தான். நடுக்களத்தில் ட்ரோனை வைத்தேன்.

"இன்னாம்மா இது, செருப்போட களத்துல நிக்கிற? நெல்லு அடிக்கிற எடம்!"

அக்கா போட்ட சத்தத்தில் பதறிக் கழற்றினேன். முதல் வேலையே போய்விடுமோ என்று பயம். என்ன செய்வதென்று தெரியாமல் உரிமத்தை எடுத்து நீட்டினேன். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேல பறக்கிறதுக்கு கவர்மெண்ட்டு சொல்லிடுச்சு. கீழ கால் வைக்கிறதுக்கு நான்தான சொல்லணும்? அதுக்கும் கால் இருக்குதே!"

சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து ட்ரோனின் கால்களை அவரே கழுவிவிட்டார். அதற்கப்புறம்தான் என்னைப் பறக்கவிடச் சொன்னார். கையால் தெளித்தால் ஒரு நாள் ஆகும் வேலை, கால்மணி நேரத்தில் முடிந்தது. அண்ணாந்து பார்த்தபடியே நின்றவர், நான் கிளம்பும்போது கேட்டார்.

"எம் பொண்ணு பன்னெண்டாவது முடிச்சிருக்கா. அவளுக்கும் லைசென்சு தருவாங்களா?"

"பதினெட்டு வயசு ஆயிருந்தா போதுங்கக்கா. பயிற்சி முடிச்சிட்டு வாங்கலாம்."

"அப்போ நீயே கூட்டிட்டுப் போய் சேத்துவுடு. செருப்பு கழட்ட நான் சொல்லிக் குடுத்துட்டேன்."