துணைக்கு வருபவரின் பெயர்

நவம்பர் 9

அன்பு மகள் வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று இந்த இடத்தில் எழுதுவதுதான் வழக்கம். வயிற்றில் கட்டி என்று நீயே சொன்ன பிறகு அப்படி எழுதக் கை வரவில்லை. சீக்கிரம் நலமாக வேண்டும் என்று எழுதிக்கொள்கிறேன்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நடக்கும் கூத்து உனக்கே தெரியும். நீ "ஒண்ணுமில்லப்பா, சின்ன ஆபரேஷன்" என்பாய். அம்மா மூக்கை உறிஞ்ச ஆரம்பிப்பாள். உடனே உனக்கு சிக்னல் போய்விடும். மூன்று வாரமாக இதே கதை. கடிதம் என்றால் நீ கடைசி வரி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரி இருபத்து மூன்றாம் தேதி உனக்கு ஆபரேஷன். பத்தாம் தேதியே நான் அங்கே இருப்பேன். இதில் உன் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. "இப்ப வேணாம்மா, அப்பாவால இந்தக் குளிரைத் தாங்க முடியாது, வெயில் காலத்துல வரட்டும்" என்று நீ அம்மாவிடம் சொன்னாயாம். யாருக்கு யார் குளிரைப் பற்றிப் பாடம் எடுப்பது? முப்பத்தோரு வருஷமாகக் குளிர்பதனக் கிடங்கில் குப்பை கொட்டுகிறவன் நான். உங்கள் நகரத்தில் ஜனவரி மாதம் மைனஸ் எட்டு, மிஞ்சிப் போனால் பத்து. எங்கள் மூன்றாம் அறையில் பட்டாணியும் மீனும் மைனஸ் இருபதில் கிடக்கின்றன. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் தாடிக்காரர் சொல்கிறார்: "சார், நீங்க போய் இறங்கினா அந்த ஊர்க் குளிரே ஸ்வெட்டர் வாங்கிப் போட்டுக்கும்."

ஒரே ஒரு சந்தேகம் இருக்கிறது. எங்கள் அறைக்குள் நாற்பது நிமிஷத்துக்கு மேல் ஒருவர் இருக்கக் கூடாது. நாற்பது ஆனதும் வெளியே வந்து, சூடாக ஒரு டீ குடித்துவிட்டுத்தான் மறுபடி உள்ளே போக வேண்டும். உங்கள் ஊரில் ஊரே குளிர் அறை என்றால் எந்தக் கதவைத் திறந்து வெளியே வருவது? இதைத் தாடிக்காரரிடம் கேட்கவில்லை. உன்னிடம் மட்டும் கேட்கிறேன்.

டிராவல்ஸ்காரர் தன் கம்ப்யூட்டரில் உன் தெருவைக் காட்டினார். முனையில் துணி வெளுக்கும் கடை, எதிரே மருந்துக் கடை, பக்கத்தில் பஸ் நிற்கும் கூண்டு. உன் ஜன்னல் மூன்றாவது மாடியில் இடப்பக்கத்திலிருந்து இரண்டாவதுதானே? நீலத் திரை போட்டது? அதையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். "சார், அடுத்த ஆள் காத்திருக்காங்க" என்று சொல்லித்தான் அவர் என்னை எழுப்பினார். லிஃப்ட் இல்லை என்று சொன்னாயே, ஆபரேஷன் முடிந்து அத்தனை படி எப்படி ஏறுவாய் என்பதுதான் அன்றிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கிறது. நான் வந்தால் பிடித்துக்கொண்டு ஏற்றிவிடுவேன்.

அம்மாவால் வர முடியாது. முட்டி மாற்றி வைத்து ஆறு வாரம்தான் ஆகிறது, விமானத்தில் ஏறவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் திரும்பும் வரை சித்தி இங்கே வந்து அவளுடன் இருப்பாள். வேலைக்குப் போன இடத்தில் நீ எப்படிக் குடியிருக்கிறாய் என்று இந்த ஐந்து வருஷத்தில் ஒரு தடவைகூட வந்து பார்க்காதவர்கள் நாங்கள். நீயும் இரண்டு வருஷமாக வீட்டுப் பக்கம் வரவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். அதை இதில் எழுதவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். பரிசோதனைக் கூடத்தில் நின்றுகொண்டே வேலை செய்யாதே, ஒரு ஸ்டூல் கேள்.

உன் அப்பா


டிசம்பர் 14

அன்பு வாலுவுக்கு,

நீ அனுப்பிய ஆஸ்பத்திரிப் பாரம் வந்தது. டிராவல்ஸ்காரர் அச்செடுத்துக் கொடுத்தார். துணைக்கு ஒருவர் வந்து, ஆபரேஷன் முடியும் வரை அங்கேயே இருந்து, வீட்டுக்கு அழைத்துப் போய், முதல் வாரம் கூடவே தங்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லையென்றால் ஆபரேஷனே செய்ய மாட்டார்கள் என்று போட்டிருக்கிறது. நல்ல விதிதான். துணைக்கு வருபவர் என்ற இடத்தில் நீ என் பெயரை எழுதியிருந்தாய். மூன்று பேரிடம் காட்டிவிட்டேன். "ஆஸ்பத்திரிப் பேப்பரைப் போய் அவார்டு மாதிரி காட்டிட்டுத் திரியறீங்களே" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

பூட்ஸ் வாங்கிவிட்டேன். பனியில் வழுக்காத அடிப்பாகமாம். வீட்டுக்குள் அதைப் போட்டுக்கொண்டு நடந்து பழகுகிறேன், கீழ் வீட்டிலிருந்து ஆள் வந்து என்ன சத்தம் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். உப்பும் காரமும் குறைத்துச் சமைக்க அம்மா பாடம் நடத்துகிறாள். நேற்று அடி பிடித்துவிட்டது. "ஆபரேஷன்ல பொழச்சு வர்ற பொண்ணு உங்க சமையலைச் சாப்பிட்டு..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அடுப்பை அணைத்துவிட்டு நான் அடி பிடித்த பாத்திரத்தைத் தேய்த்து வைத்தேன்.

விசா நேர்காணல் இருபத்தொன்பதாம் தேதி. டிராவல்ஸ்காரர் எனக்கு ஒரு தாள் கொடுத்திருக்கிறார். நான் ஊர் சுற்றிப் பார்க்க வருகிறேன். முப்பது நாள் தங்குகிறேன். முதல் நாள் கோபுரம், இரண்டாம் நாள் அருங்காட்சியகம், மூன்றாம் நாள் உறைந்த ஏரி. எல்லாம் மனப்பாடம். "ஆபரேஷன்னு மூச்சு விடாதீங்க சார், அங்கேயே தங்கிடுவீங்கன்னு நினைச்சுப்பாங்க" என்று பத்துத் தடவை சொல்லிவிட்டார். உறைந்த ஏரியை நான் ஏன் பார்க்க வேண்டும், இங்கே பார்த்தது போதாதா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

இன்னொன்று. பஸ் ஓட்டும் அந்தத் தம்பி இன்னும் உன் ஊரில்தானே இருக்கிறார் என்று அம்மா சாப்பாட்டு நேரத்தில் எடுத்தாள். சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது, நான் எழுந்து போய் அதைச் சரி செய்தேன்.

பத்தாம் தேதி விமான நிலையத்துக்கு நீ வர வேண்டாம். முகவரியை நானே காட்டி வந்துவிடுவேன்.

உன் அப்பா


ஜனவரி 4

அன்பு வாலுவுக்கு,

விசா கிடைக்கவில்லை. அம்மா போனில் சொல்லியிருப்பாள். எப்படிக் கிடைக்காமல் போனது என்பதை நான்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் கெடுத்தது நான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா. அவருக்கு ஜலதோஷம், தும்மிக்கொண்டே இருந்தார். எதற்குப் போகிறீர்கள் என்றார். ஊர் பார்க்க என்றேன். எத்தனை நாள்? முப்பது. எங்கெல்லாம் போவீர்கள்? கோபுரம், அருங்காட்சியகம், ஏரி. எல்லாம் தாளில் இருந்தபடியே வந்தது. அங்கே யார் இருக்கிறார்கள் என்றார். மகள் என்றேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், "பொண்ணு நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி தாளில் இல்லையம்மா.

எல்லோரும் எல்லோரையும் கேட்பதுதான். நல்லா இருக்கா என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். எனக்கு வாய் வரவில்லை. கட்டி என்று சொன்னேன். திறந்து பார்த்தால்தான் என்னவென்று தெரியும் என்று சொன்னேன். படியைக்கூடச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார், பொறுமையாகத்தான் கேட்டார். எப்போது திரும்புவீர்கள் என்றார். அவள் தானாக மூன்று மாடி ஏறும் வரை இருப்பேன் என்றேன். வேலை? அதை விட்டுவிடுவேன் என்றேன். "உங்க கஷ்டம் புரியுது, ஆனா நீங்க திரும்பி வருவீங்கன்னு எனக்கு நம்பிக்கை வரல" என்று சொல்லி, அதையே அச்சடித்த ஒரு தாளையும் கொடுத்தார். மறுபடி விண்ணப்பித்தால் அடுத்த தேதி பிப்ரவரி இருபத்திரண்டு.

டிராவல்ஸ்காரர் "இப்படிக் கெடுத்துட்டீங்களே சார்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

கிடங்கில் மணிக்கு ஒரு தடவை டெம்பரேச்சர் பார்த்து ரெஜிஸ்டரில் எழுதுகிறேன். மைனஸ் பதினாலு என்று காட்டினால் பதினாலு என்றுதான் எழுதுவேன், மேனேஜரே வந்து, விதிப்படி இருக்க வேண்டிய பதினெட்டைப் போடச் சொன்னாலும் போட மாட்டேன். இதை ஒரு பெருமையாக எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், உன்னிடமே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். அந்தப் பெருமையைக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டிய இடமா அது? பூட்ஸ் பெட்டியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பரண் மேல் போடச் சொல்லிவிட்டேன்.

அந்தப் பாரத்தில் என் பெயரை அடித்துவிடு. வேறு ஒரு பெயர் எழுது. யார் பெயரை என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. அம்மாவுக்கு ஒரு யோசனை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்வாள். அந்த நேரம் நான் வேலையில் இருப்பேன்.

உன் அப்பா


ஜனவரி 9

மரியாதைக்குரிய ஐயா,

வணக்கம். என்னைவிட முப்பது வயது சின்னவரை ஐயா என்று எழுதுகிறேன் என்று சிரிக்காதீர்கள். தம்பி என்று உரிமையோடு கூப்பிடும் யோக்கியதையை நானே கெடுத்துக்கொண்டவன். உங்கள் முகவரி, நீங்கள் ஒவ்வொரு புத்தாண்டுக்கும் எங்களுக்கு அனுப்பும் வாழ்த்து அட்டையின் உறையில் இருந்தது. இரண்டு வருஷமாக வந்த இரண்டு உறைகளையும் நான் பிரிக்கவே இல்லை. என் மனைவிதான் பிரித்துப் பத்திரமாக வைத்திருந்தாள். உங்கள் போன் நம்பர் எங்களிடம் இல்லை. மகள் தர மறுக்கிறாள். அதனால் விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், நாலு நாளில் வந்துவிடும் என்கிறார்கள்.

என் மகளுக்கு வயிற்றில் கட்டி. இந்த மாதம் இருபத்து மூன்றாம் தேதி உங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். துணைக்கு ஆள் இல்லாமல் செய்ய மாட்டார்கள். நான் வருவதாக இருந்தது, என் வாயால் என் விசாவை நானே கெடுத்துக்கொண்டேன். உங்களைக் கூப்பிடச் சொல்லி ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா போனில் கெஞ்சியிருக்கிறாள். அதற்கு அவள் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "அப்பா பேச்சைக் கேட்டு நானே அவரைப் போகச் சொன்னேன். இப்ப எனக்கு முடியலன்னதும் எந்த முகத்தோட கூப்பிடுவேன்? ஆபரேஷனைத் தள்ளி வச்சுக்கறேன்." டாக்டரோ ஒரு வாரம்கூடத் தள்ளக் கூடாது என்று சொன்னாராம். அதையும் அவளே சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் அன்றைக்கு நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவளைப் பெண் கேட்டு இவ்வளவு தூரம் வந்தீர்கள். வீட்டில் நான் இல்லை என்றதும் கிடங்கு வாசலுக்கே வந்துவிட்டீர்கள். காவலாளி வந்து சொன்னார். முக்கியமான வேலை, வர முடியாது என்று சொல்லி அனுப்பினேன். ஒரு வேலையும் இல்லை. மூன்றாம் அறைக்குள் போய், அடுக்கியிருந்த பெட்டிகளை எண்ணுவது போல நின்றேன். நாற்பது நிமிஷம் ஆனதும் வெளியே வர வேண்டும். வந்தால் கண்ணாடி வழியாக நீங்கள் தெரிவீர்கள், அதனால் வரவில்லை. ஒரு மணி நேரம் தாண்டியும் உள்ளேயே நின்றேன். விரல் மரத்துவிட்டது. கடைசியில் கூட வேலை செய்யும் தாடிக்காரர்தான் என்னை இழுத்து வெளியே போட்டார். அப்போதும் நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். எனக்கு உடம்பு நடுங்கியது, அதைக் கோபம் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். "பஸ் ஓட்டறவனுக்கெல்லாம் பொண்ணு கிடையாது, போகலாம்" என்றேன். நீங்கள் "சரிங்க, கையைச் சூடு பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அந்த வார்த்தையை நான் என் மனைவியிடம்கூட இன்று வரை சொன்னதில்லை. வெட்கம்.

மன்னித்துவிடுங்கள் என்று கேட்கும் நேரம் இதில்லை. மன்னிக்காமலே இதைச் செய்யலாம். அவளுக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன். நீங்கள் போய் நின்றால் முதலில் கோபப்படுவாள், கதவைச் சாத்தினாலும் சாத்துவாள். கொஞ்சம் நில்லுங்கள். நிற்பது உங்களுக்குப் புதிதில்லை. படி ஏறும்போது வலப்பக்கம் பிடித்துக்கொள்ளுங்கள், சின்ன வயதில் விழுந்ததிலிருந்து அவளுக்கு வலது கால் கொஞ்சம் பலம் குறைவு. மயக்கம் தெளிந்ததும் என்ன சொன்னார்கள் என்பதை, நல்லதோ கெட்டதோ, உள்ளது உள்ளபடி எனக்குச் சொல்லுங்கள். என் நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன். எந்த நேரமானாலும் எடுப்பேன்.

உங்களுக்கு வேறு இடத்தில் வாழ்க்கை அமைந்திருந்தால் இந்தக் கடிதமே தப்பு. ஆனால் இந்த வருஷ அட்டையிலும் உங்கள் ஒருவர் பெயர்தான் இருந்தது என்று என் மனைவி எடுத்துக் காட்டினாள். அந்த ஒரு தைரியத்தில் கேட்கிறேன்.

ஆஸ்பத்திரிப் பாரத்தில் துணைக்கு வருபவரின் பெயருக்குப் பக்கத்தில், நோயாளிக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம் இருக்கிறது. நீங்கள் இருவரும் பேசி அதில் எதை எழுதினாலும் எனக்குச் சம்மதம். நீங்கள் அன்று என்னிடம் கேட்க வந்ததையே எழுதினாலும் சம்மதம். எழுத மனமில்லை என்றால் வெறுமே விட்டுவிடுங்கள், ஆனால் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள் தம்பி. இங்கிருந்து எனக்குக் கை எட்டவில்லை.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அவள் அப்பா